டோக்கன் எண் 212

மாட்டுத்தாவணியில் இறங்கும்போது மணி மூன்றேகால்.
அதை இரவு என்று அங்கே யாரும் நம்பவில்லை.
ஒருவர் பரோட்டாவைக் கொத்திக்கொண்டிருந்தார்,
ஒருவர் நின்றபடியே சவரம் செய்துகொண்டிருந்தார்.
ஸ்வெட்டரோடு நின்ற எங்களைப் பார்த்து
ஆட்டோக்காரர் கேட்டார், "ஊட்டியா?"
"வால்பாறை" என்றார் கிருபா.
வால்பாறைக்கும் அதே ரேட்தான்.

தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.
தூங்குவதற்கென்றே தொள்ளாயிரம் ரூபாய் கட்டி
டவுன்ஹால் ரோட்டில் அறை எடுத்தவர்கள் என்ன செய்வது?
ஜன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் ஜன்னல்,
அதில் காயும் ஒரு நீலத் துண்டு.
மூன்று நாளும் அதைப் பார்த்தபடிதான் பல் துலக்கினேன்.
நான்காம் நாள் காணவில்லை.
சொல்லாமல் போய்விட்டார்களே என்றிருந்தது,
யாரென்றே தெரியாது.

வெயில்.
எங்கள் ஊரில் மே என்பது மழைக்கு முந்தின மாதம்.
இங்கே அது ஓர் ஆள்.
கடைக்குள் நாங்கள் சர்பத் குடித்து முடிக்கும்வரை
வாசலில் பொறுமையாக நின்று
பிறகு கூடவே நடந்தது.

ஒத்தக்கடை தாண்டியதும் பேருந்தில் யாரோ கைகாட்டினார்கள்,
யானைமலை.
இளவேனி கண் எடுக்காமல் பார்த்தாள்.
போன மாதம்தான் எங்கள் எஸ்டேட் ரேஷன் கடையின்
ஷட்டரை மடக்கிப் போட்டுவிட்டு
அரிசி தின்று போயிருந்தது ஒன்று.
"இது எந்திரிக்காதா?"
"எந்திரிக்காது."
"அப்பன்னா சரி" என்று என்மேல் சாய்ந்தாள்.
எங்கள் மூவரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கியது
அந்த இருபது நிமிடம்தான்.

பாலத்தில் நின்று வைகையைத் தேடினோம்.
கிருபா அணைக்கட்டில் மதகு பார்க்கிறவர்,
தண்ணீரை அடிக்கணக்கில் பேசுகிறவர்.
கீழே எருமைகள், விரித்த சேலைகள்,
நடுவே கிரிக்கெட்.
அடித்த பந்தை எடுக்க இறங்கிய பையனுக்குக்
கணுக்கால் நனைந்தது.
"இருக்கு" என்றார்,
ஏதோ நோயாளிக்கு நாடி பார்த்தவர்போல.

அன்று மாலை கீழமாசி வீதியில் எங்களுக்குச் சண்டை.
எதற்கென்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள்,
ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர்.
பூக்கூடைக்காரம்மா ஒருத்தி நின்று முழுசாகக் கேட்டுவிட்டு
"ஊருல போயி சண்ட போடுங்க தாயி,
இங்க எங்களுக்கே எடம் பத்தல" என்றாள்.
நான்கு முழம் விற்ற பிறகுதான் நகர்ந்தாள்.
அறை முழுக்க மல்லிகை.
அதன் நடுவே நாங்கள் பேசாமல் படுத்திருந்தோம்,
வாசம் தலைவலித்தது,
நன்றாகவும் இருந்தது.

கடைசி நாள் கோவில்.
செருப்பைக் கிழக்கே விட்டோம்.
உள்ளே தூண்கள் திசைகளைக் குடித்துவிட்டன.
இருட்டும் எண்ணெயும் குளிர்ந்த கல்லும்
வாழ்நாளில் முதல்முறையாக
எதையும் கேட்கத் தோன்றாமல் நின்றேன்.
நடை சாத்துகிற நேரம், கூட்டம் தள்ளி
வெளியே விழுந்தது மேற்கு வாசல்.

உச்சிப்பொழுது. கல் கொதித்தது.
இளவேனியைக் கிருபா தூக்கிக்கொண்டார்,
என்னைத் தூக்க ஆளில்லை.
காவலுக்கு நின்ற பெண் போலீஸ்
தன் பாட்டிலைத் திறந்து எனக்கு முன்னால் ஊற்றினார்.
மூன்று எட்டு வைத்தேன்.
பாட்டில் தீர்ந்தது.
அவர் குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணீர் அது.
பெயர்ப்பட்டையைப் படிப்பதற்குள் கண் கூசிவிட்டது.

எதிர்க்கடையில் ரப்பர் செருப்பு, நூற்றெண்பது சொல்லி
நூற்றிருபதுக்குக் கொடுத்தான்.
நூறுக்கே கொடுத்திருப்பான்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிழக்கே திரும்பிப் போகவில்லை.

நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறினோம்.
ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணும்போது
நர்ஸ் ரெஜினா கேட்டாள்,
"மதுரை நல்லாருந்துச்சாக்கா?"
பத்து மாத்திரையைப் பன்னிரண்டாக எண்ணிவிட்டேன்.

வெளியே மழை. புதுச் செருப்பு
முதுகுவரை சேறடிக்கிறது.
மேசை டிராயரில் பித்தளை டோக்கன், 212.
கிழக்கு வாசலில் யாரோ இந்நேரம்
என் பழைய செருப்பைக் கையில் எடுத்து
எந்த ஊர்ச் செம்மண் இது என்று
பார்த்துக்கொண்டிருக்கலாம்.